காகிதத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு



அரசு அலுவலகத்திலிருந்து வந்த பழைய கடிதம் ஏதேனும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்குமாயின், அதை எடுத்து அதன் எண்ணைச் சற்று உற்று நோக்குங்கள். எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் காணப்படும். ‘ந.க.’ என்று இருந்தால் நடப்புக் கணக்கு. கடிதம் எழுதிய வேளையில் அந்தக் கோப்பு இன்னும் முடிவு பெறவில்லை என்று பொருள். ‘ஓ.மு.’ என்றால் ஓராண்டு; ‘மூ.மு.’ என்றால் மூன்றாண்டு, ‘ப.மு.’ என்றால் பத்தாண்டு. இன்னும் பழைய கடிதமாயின் இவையே ‘எல்.டிஸ்.’, ‘கே.டிஸ்.’, ‘டி.டிஸ்.’ என ஆங்கில எழுத்துகளில் நிற்கும். என்றென்றும் காக்கப்பட வேண்டிய கோப்புக்கு ‘ஆர்.டிஸ்.’ என்பது குறி.

இவ்வெழுத்துகள் அந்தக் கோப்பின் ஆயுளைச் சொல்பவை. ஒரு விவகாரம் முடிந்ததும், அதன் தாள்களை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று அலுவலர் அப்போதே முடிவு செய்து குறித்துவிடுகிறார். பின்னர் கோப்பு பதிவறைக்குப் போய்விடுகிறது. குறித்த ஆண்டுகள் கழிந்தபின் விதிப்படி அதை அழித்துவிடலாம்.

நம் வீட்டுக்கு வந்த கடிதத்தின் தலையிலேயே அதன் ஆயுள் எழுதப்பட்டிருந்தும் நம்மில் பெரும்பாலோர் அதை அறிவதில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து அலுவலகம் சென்று, “கோப்பு இல்லை” என்ற பதிலைக் கேட்டவுடன், ஒருவர் சினந்து சண்டையிடுகிறார். மற்றொருவர் தலைவிதியென்று திரும்பிவிடுகிறார். இருவருக்கும் காரியம் ஆவதில்லை. எது அழியும், எது நிற்கும், அழிவதற்குள் நாம் செய்துகொள்ள வேண்டியது என்ன என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

ஏன் அழிக்கிறார்கள்?

அரசுத் தாளை அழிப்பதென்றாலே சூழ்ச்சி என்று கருதுவோர் உளர். அப்படிக் கருத வேண்டியதில்லை. ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓராண்டில் வரும் மனுக்களை எல்லாம் நூறாண்டு வைத்திருந்தால், அலுவலர் அமர்வதற்கு இடம் இராது. அதைவிடப் பெரிய தீங்கு, தேவையான தாளைத் தேடி எடுக்க இயலாமற் போவது. வேண்டாதவற்றைக் களைவதால்தான் வேண்டியவை காப்பாற்றப்படுகின்றன.

ஆகவே ஆவணங்களை அழிப்பதற்கென்றே ஆங்கிலேயர் ஆட்சியில், 1917 ஆம் ஆண்டில், ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நீதிமன்றங்களும் வருவாய் அலுவலகங்களும் எவ்வெவற்றை எப்போது களையலாம் என்பதற்கு விதி வகுக்க அது வழி செய்தது. 1993 ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களுக்கும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளுக்கும் உரியது. விதிமுறைக்கு மாறாக ஆவணத்தை அழித்தால் 5 ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அது கூறுகிறது. 1892 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட ஆவணத்தை, அது பயனற்ற அளவுக்குச் சிதைந்திருந்தாலன்றி, அழிக்கவே கூடாது என்றும் தடுக்கிறது.

நம் மாநிலத்தின் பழைய ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் ஒரு காப்பகம் இருப்பதைப் பலர் அறிவர். 1909 முதல் அக்கட்டடத்தில் இயங்கிவரும் அந்நிலையத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கடிதங்கள் இன்றும் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒழுங்காகக் களைந்து ஒழுங்காகக் காத்தால் முந்நூறு ஆண்டுக் காகிதமும் நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

கோப்பும் பதிவேடும்

இங்கே ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கோப்பு வேறு, பதிவேடு வேறு. உங்கள் மனு, அதன்மேல் நடந்த விசாரணை, வாக்குமூலங்கள், அலுவலரின் குறிப்பு ஆகியவற்றின் தொகுப்பே கோப்பு. அந்த விவகாரத்தின் முடிவை ஒரு வரியில் எழுதி வைக்கும் தடித்த புத்தகம் பதிவேடு. கோப்புகளில் பெரும்பாலானவை ஒருநாள் அழியும். முக்கியமான பதிவேடுகள் அழிவதில்லை.

பிறப்புப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் நிலையான ஆவணங்கள். அவற்றை அழிக்கலாகாது என்பது விதி. சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதலாம் புத்தகமும், உயில்கள் பதியப்படும் மூன்றாம் புத்தகமும் தலைமுறைகளைக் கடந்து நிற்பவை. கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணையும் அதன் பரப்பையும் உடையவரையும் சொல்லும் ‘அ’ பதிவேடும் அவ்வகையினதே.

எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அவனுடைய பாட்டனார் காலத்தில் பாகம் பிரித்து, பட்டா மாறுதலுக்கும் ஆணை பெற்றிருந்தனர். ஆண்டுகள் பல கழிந்தபின் பங்காளிகளுக்குள் பேச்சு முறிந்தது. பெரியவர் ஒருவர் அன்றைய விசாரணையில் சம்மதித்துக் கையொப்பம் இட்ட வாக்குமூலத்தைப் பெற்றால் போதும் என்று அலுவலகத்தை நாடினர். அந்தக் கோப்பு பத்தாண்டு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. வீட்டார் அதை நம்பவில்லை. எதிர்த்தரப்பார் காசு கொடுத்து மறைத்துவிட்டார் என்றே பேசினர். கையிலிருந்த ஆணை நகலைப் பார்த்தபோது அதன் எண்ணுக்கு முன்னால் ‘ப.மு.’ என்ற எழுத்துகள் தெளிவாக இருந்தன. பதில் மெய்யானதே. ஆயினும் பாகப்பிரிவினைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் இருந்தது. விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் பெற்றனர். கோப்பு மறைந்த பின்னும் பதிவேடு அக்குடும்பத்தைக் காத்தது.

பத்திரம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவு முடிந்த அசல் பத்திரத்தைத் திரும்ப வாங்காமலே விட்டுவிடுவோர் உண்டு; வெளிநாட்டுப் பயண அவசரமும் அதற்கு ஒரு காரணம். 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி, உயில் நீங்கலாக, 2 ஆண்டுக்கு மேல் யாரும் வந்து கேட்காத பத்திரத்தை அலுவலகம் அழித்துவிடலாம். புத்தகத்தில் நகல் இருக்கும்; அசல் கிடைக்காது. சவூதிக்கோ மலேசியாவுக்கோ புறப்படும் முன் அசலைக் கைப்பற்றி வீட்டில் ஒப்படைத்துச் செல்லுங்கள்.

பிறப்பும் இறப்பும்

பதிவேடு அழியாது என்றோம். ஆனால் எழுதப்படாததைப் பதிவேடு எவ்வாறு காக்கும்?

1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் தகவல் தர வேண்டும். அதற்குப் பின் 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை உரிய அலுவலரின் எழுத்து மூலமான அனுமதி. ஓராண்டும் கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். படி ஏற ஏற அலைச்சலும் மிகும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, வாக்காளர் பட்டியல், அரசுப் பணி ஆகிய அனைத்துக்கும் பிறந்த தேதிக்குரிய சான்று பிறப்புச் சான்றிதழே என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. முன்போல் பள்ளியில் ஒரு தேதியைச் சொல்லிச் சேர்த்துவிடும் வழக்கம் இனிச் செல்லாது.

நம் குடும்பங்களில் இதில் மூன்று இடர்ப்பாடுகளை நான் காண்கிறேன்.

முதலாவது, பெயரில்லாப் பதிவு. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுகிறோம். அதற்குள் மருத்துவமனை அனுப்பிய தகவல் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் பதிவாகிவிடுகிறது. பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், 15 ஆண்டுகளுக்குள் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்க விதி இடம் தருகிறது. பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்வரை இதை நினையாதவர் உண்டு.

இரண்டாவது, எழுத்து வேறுபாடு. ஒரே மனிதர் குடும்ப அட்டையில் ‘முகமது மைதீன்’, கடவுச்சீட்டில் ‘முஹம்மது முஹைதீன்’, இறப்புப் பதிவேட்டில் ‘மைதீன் பாய்’. மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? அரபுப் பெயரைத் தமிழில் ஒருவிதமாகவும் ஆங்கிலத்தில் வேறுவிதமாகவும் எழுதுவது நம் வழக்கம். குழந்தைக்குப் பெயர் சூட்டும் அன்றே அதன் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரு தாளில் தீர்மானித்து, வாழ்நாள் முழுவதும் அதையே எங்கும் எழுதுக. பதிவில் பிழை நேர்ந்துவிட்டால் திருத்தும் வழியும் அச்சட்டத்திலேயே உண்டு.

மூன்றாவது, மனத்தை வருத்துவது. வீட்டிலே ஒருவர் மௌத்தாகிவிட்டால் அன்றே அல்லது மறுநாளே அடக்கம் செய்துவிடுகிறோம். விதவையான சகோதரி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறார். இறப்பைப் பதிய வேண்டிய 21 நாளோ அதற்குள்ளேயே கடந்துபோகிறது. அவர் வெளியே வந்து ஓய்வூதியத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும் விண்ணப்பிக்கும்போதுதான் இறப்பே பதிவாகவில்லை என்பது தெரியவருகிறது. வீட்டில் நிகழ்ந்த இறப்பைத் தெரிவிக்கும் கடமை குடும்பத் தலைவருக்கும் உறவினருக்கும் உரியது. மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு எத்தனை பேரை அழைப்பது என்று கூடிப் பேசுகின்ற மகன்மார்களும் சகோதரர்களும், அந்தச் சபையிலேயே ‘பதிவுக்குப் போகிறவர் யார்’ என்பதையும் முடிவு செய்தால், அந்தப் பெண்மணியின் கண்ணீரில் ஒரு பங்கு குறையும்.

பசலியும் ஜமாபந்தியும்

வருவாய்த் துறையின் சொற்கள் மதரஸா மாணவனுக்கு அந்நியமானவை அல்ல. ‘தஹ்ஸீல்’ என்றால் வசூல், அதிலிருந்து தாசில்தார். ‘ஃபஸ்ல்’ என்றால் பருவம், அதிலிருந்து பசலி. அடங்கல் முதலிய கிராமக் கணக்குகள் பசலி ஆண்டுப்படி எழுதப்படுகின்றன. ஜூலை 1 அன்று பசலி பிறக்கும். பசலி எண்ணுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. பழைய அடங்கல் நகலுக்கு விண்ணப்பிக்கும்போது கிராமத்தின் பெயர், புல எண், பசலி ஆகிய மூன்றையும் குறிப்பிட்டால் தேடுபவருக்கு எளிது. ‘எங்கள் பாட்டனார் காலத்துக் கணக்கு’ என்று எழுதினால் எந்த எழுத்தராலும் கண்டெடுக்க இயலாது.

1980 ஆம் ஆண்டு வரை பல ஊர்களில் கர்ணம் வீட்டுத் திண்ணையே பதிவறையாக இருந்தது. அவ்வாண்டு பரம்பரைக் கிராமப் பதவிகளை அரசு ஒழித்து, பின்னர் கிராம நிர்வாக அலுவலரை நியமித்தது. எனவே அதற்கு முற்பட்ட கணக்கைத் தேடுவோர் கிராம அலுவலகத்தோடு நின்றுவிடாமல் வட்ட அலுவலகப் பதிவறையிலும் கேட்க வேண்டும். கிராமப்புறத்துப் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகங்களில் காக்கப்படுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் தணிக்கை செய்யப்படும். பொதுமக்கள் அன்று நேரில் மனு கொடுக்கலாம். நம் நிலத்தின் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அதைவிட ஏற்ற வேளை வேறில்லை.

‘இல்லை’ என்ற பதில் வந்தால்

2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒவ்வொரு அலுவலகமும் தன் ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளோருக்கு அக்கட்டணமும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.

‘அழிக்கப்பட்டது’ என்று பதில் வந்தால் மனம் தளராமல் அடுத்த மனுவில் கேளுங்கள்: எந்த விதியின்படி அழிக்கப்பட்டது? எந்தத் தேதியில்? யாருடைய ஆணையால்? அழிக்கப்பட்டவற்றின் பட்டியலில் இக்கோப்பு இடம்பெற்ற பக்கத்தின் நகலைத் தருக. முறையாக அழித்தவரிடம் இவற்றுக்கு விடை இருக்கும்.

‘காணவில்லை’ என்பது வேறு பதில். கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்வது, தகவலை மறுப்பதற்குச் சட்டம் அனுமதித்த காரணங்களுள் ஒன்றன்று. முழுமையாகத் தேட வேண்டும், காணாமற் போனதற்குப் பொறுப்பானவர் யார் என்றும் விசாரிக்க வேண்டும் என்று 2013 ஆம் ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது. கேட்கப்பட்ட தகவலை மனுவுக்குப் பின் அழித்துவிட்டால், பொறுப்பான அலுவலருக்கு 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பதில் நிறைவளிக்காவிடில் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இவற்றையெல்லாம் பணிவான சொற்களில் எழுதுங்கள். பதிவறையில் தூசியில் நின்று பழைய கட்டுகளைப் புரட்டும் எழுத்தர் நமக்கு எதிரியல்லர்.

நெருப்பும் நீரும்

விதிப்படி அழிவது ஒன்று. விதியின்றி அழிவது வேறு. 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில், ஆற்காட்டு நவாபின் அரண்மனையின் பகுதியான கலஸ் மஹாலில் தீப்பற்றியது. அங்கிருந்த அரசு அலுவலகங்களின் கோப்புகள் சாம்பலாயின. தீயணைக்கச் சென்ற வீரர் ஒருவரும் உயிர் துறந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகளுக்குள் புகுந்த நீர் எத்தனையோ குடும்பங்களின் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் கொண்டு சென்றது. அப்போது சிறப்பு முகாம்கள் அமைத்து மாற்றுப் படிகள் வழங்க முடிந்ததெனில், அலுவலகத்தில் பதிவேடு பிழைத்திருந்ததால்தான்.

இதிலிருந்து அறிவது யாதெனில், ஒரே இடத்தில் உள்ள ஆவணம் பாதி இழந்த ஆவணம். அசல் ஓரிடம், சான்றிட்ட நகல் வேறோரிடம், தொலைபேசியில் எடுத்த படம் மகனிடமும் மகளிடமும் என்று பிரித்து வையுங்கள். கணினியில் ஏறிவிட்டதே என்று அசலை அலட்சியம் செய்ய வேண்டா. புத்தகத்திலிருந்து கணினிக்கு எழுதியவரும் மனிதரே. பெயரிலோ பரப்பிலோ பிழை நேர்ந்தால் அதைத் திருத்தச் சான்று அந்தப் பழைய புத்தகம்தான்.

நம் மஹல்லாவின் தஃப்தர்

அரசு அலுவலகத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், நம் பள்ளிவாசலின் அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்ப்போம். நிக்காஹ் தஃப்தர், அடக்கப் பதிவேடு, வக்ஃபுப் பத்திரங்கள், வாடகைக் கணக்கு ஆகிய இவை அனைத்தும் அங்கேதான் உள்ளன. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே திருமறையில் மிக நீளமானது என்பதை மேடைதோறும் சொல்கிறோம். அந்த அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா, கரையான் இருக்கிறதா என்று பார்த்தோமா?

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 இல் நடைமுறைக்கு வந்தது. எம்மதத்தாரின் திருமணமும் 90 நாளுக்குள் பதியப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. ஆனால் அதற்கு முன் நிக்காஹ் ஆன ஆயிரமாயிரம் தாய்மார்களுக்குத் தஃப்தரின் அந்த ஒரு பக்கமே பற்றுக்கோடு. மஹர் எவ்வளவு, வலீ யார், சாட்சிகள் யாவர் என்பதற்கெல்லாம் வேறு எழுத்து இல்லை. அந்தப் பக்கத்தைப் பூச்சி அரித்தால், ஒரு பெண்மணியின் உரிமையை அரித்ததாகவே பொருள்.

வக்ஃபு சொத்துகளின் நிலையும் அத்தகையதே. 1995 ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம் 2025 இல் திருத்தப்பட்டு, சொத்து விவரங்களை மத்திய அரசின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்தது. அத்திருத்தத்தைப் பற்றிய வாதங்கள் நீதிமன்றத்தில் உள்ளன. எப்பக்கம் தீர்ப்பாயினும், புல எண்ணும் எல்லையும் பத்திரமும் கையில் உள்ள பள்ளிவாசலுக்கு ஒரு நிலை. செவிவழிச் செய்தியை மட்டும் நம்பியிருக்கும் பள்ளிவாசலுக்கு வேறொரு நிலை.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என் பணிவான வேண்டுகோள்: எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை அமர்த்தி, இருக்கும் பதிவேடுகளின் பட்டியலை முதலில் எழுதுங்கள். எவை என்றும் நிற்க வேண்டும், எவற்றை எத்தனை ஆண்டில் களையலாம் என்று மஷ்வராவில் தீர்மானித்துக் கையொப்பமிடுங்கள். நிக்காஹ் தஃப்தரையும் வக்ஃபுப் பத்திரங்களையும் ஒருநாளும் களையலாகாது. முத்தவல்லி மாறும்போது சாவியுடன் அப்பட்டியலும் கைமாறட்டும். பெற்றவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடட்டும். மின்கட்டண ரசீதையும் நிக்காஹ் பதிவையும் ஒரே சாக்கில் கட்டி மாடிப்படியின் அடியில் போடும் வழக்கம் இவ்வாண்டோடு ஒழியட்டும்.

வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். இவ்வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டுப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கடிதத்தின் எண்ணையும் அதற்கு முன்னுள்ள எழுத்துகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ‘ப.மு.’ என்றிருந்து பத்தாண்டு நெருங்கிவிட்டதாயின், உள்ளிருக்கும் தாள்கள் நமக்கு வேண்டியவையா என்று வீட்டாருடன் ஆலோசித்து, வேண்டுமெனில் திங்கட்கிழமையே சான்றிட்ட நகலுக்கு மனு எழுதிவிடுங்கள்.